மீனாம்பிகை, தகப்பன் பெயர் சோமசேகரம்

நான் இருபத்திரண்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் றெக்கோட் றூமில் கிளாக்கராக இருந்தவன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் என்றுமட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒன்றைச் சொல்லாமல் விடுகிற பழக்கம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. எண்பத்தைந்தாம் ஆண்டு ஒரு தபாற்கந்தோர்ப் பெண்ணிடமிருந்து வந்தது. அதற்கு முன்னர் செல்வரட்ணம் என்றால் ஓட்டைவாய் என்று என் மனைவியே சொல்லுவாள்.

றெக்கோட் றூம் என்றால் தரையிலிருந்து கூரைவரை பைல்கள். ஊரின் இருமல், மூலம், பிள்ளைப்பேறு, பைத்தியம் எல்லாம் இலக்கம் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். அதற்கு நான்தான் ராசா. கலியாணவீட்டுப் பந்தியில் எனக்கு எதிரே இருப்பவருக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆகவே வடைத்தட்டு முதலில் என் பக்கமாகத்தான் வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசினால் முதலில் சாதகம் பார்ப்பார்கள், பிறகு விசாரிப்பார்கள். விசாரிப்பதில் பாதி ஊர்ச்சந்தியிலும் மீதி என் மேசையிலும் நடக்கும். வருகிறவர் மழையைப் பற்றிக் கதைப்பார், புகையிலையைப் பற்றிக் கதைப்பார், பிறகு மெல்ல ஒரு கடதாசித் துண்டை எடுத்து வைப்பார். பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், ஊர். நான் பைலை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லுவேன். இது பிழை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கலியாணக் காரியத்தில் ஒளிப்பது பாவம், நான் செய்வது புண்ணியம் என்றுதான் இருந்தேன். டொக்டர்மாருக்கும் இது தெரியும். ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வருடம் சித்திரை கழிந்து, மாப்பிள்ளை பகுதியிலிருந்து பஞ்சலிங்கத்தார் வந்தார். என் மனைவிக்கு மாமன் முறை. மருமகன் சண்முகநாதனுக்குப் பேச்சு நடக்கிறதாம். பொடியன் எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீட்டையும் உத்தியோகத்தையும் விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கியவன். இப்போது கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், வேலை. செவ்வாய்க் குற்றச் சாதகம், இலேசில் பொருந்தாது. இந்தப் பெண்ணுக்கும் செவ்வாய்தான். பத்துப் பொருத்தத்தில் எட்டு. வயது இருபத்தெட்டு, எங்கள் பக்கத்து ஊர் தபாற்கந்தோரில் வேலை. பெயர் மீனாம்பிகை, தகப்பன் பெயர் சோமசேகரம்.

பெயர்ப் புத்தகத்தில் இலக்கம் பார்த்து, பைலை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே கிடந்தது. எழுபத்துநாலாம் ஆண்டு, வயது பத்தொன்பது, சயரோகம். பதினெட்டு மாத வைத்தியம்.

கணக்குப் பார்த்தால் பெண்ணுக்கு இப்போது முப்பது வரவேண்டும். வேறொருவன் என்றால் இங்கே ஒரு நிமிடம் நின்றிருப்பான். நான் நிற்கவில்லை. பெண்ணுக்கு இரண்டு வயது குறைத்துச் சொல்வது எங்கள் ஊர்களில் நடக்கிற காரியம்தானே. அதையும் நானே கண்டுபிடித்த பெருமையில், வயதிலும் இரண்டைக் குறைத்திருக்கிறார்கள், அப்படியென்றால் சாதகத்திலும் கைவைத்திருப்பார்கள், கவனம் என்று பஞ்சலிங்கத்தாருக்குப் புத்தி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, குடும்பத்தைக் காப்பாற்றினாய் என்றார். கடைசிப் பக்கத்தில் டொக்டர், முற்றாகச் சுகம் என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அன்று நான் புரட்டவேயில்லை.

பத்து நாளைக்குப் பிறகு அந்தப் பெண் வந்தாள்.

வெளிநோயாளர் எல்லாம் போய்விட்ட மத்தியான நேரம். சைக்கிளை வேம்புக்குக் கீழே விட்டுவிட்டு, கதவில் நின்று, உள்ளே வரலாமோ என்று கேட்டாள். ஒல்லியான பெண். தான் யார், எந்த ஊர் என்று சொன்னாள். கதிரையைக் காட்டி, இரும் பிள்ளை என்றேன். அவள் இருக்கவில்லை.

"அண்ணை, என்ரை பைலை நான் பார்க்கவேணும்."

பைல் ஆஸ்பத்திரியின் சொத்து, நோயாளர் கையில் கொடுக்கிற வழக்கமில்லை, டொக்டர்மார் மட்டும்தான் பார்க்கலாம் என்று சட்டம் படித்தவனைப்போல விளங்கப்படுத்தினேன். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பஞ்சலிங்கத்தார் டொக்டரோ?"

அவள் கோபப்படவில்லை. தகப்பனிடம் பஞ்சலிங்கத்தார் நேரே வந்து, உங்கள் மகளின் நெஞ்சு வருத்தம் ஆஸ்பத்திரிப் பைலில் கிடக்கிறது, வயதையும் மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லிச் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாராம். தகப்பன் அன்றிலிருந்து தோட்டத்துக்குப் போகவில்லையாம். தனக்கு அப்படியொரு வருத்தம் வந்த ஞாபகமே இல்லை என்றாள்.

"என்னைப் பற்றி எழுதினதை ஊரெல்லாம் பார்க்கலாம். நான் மட்டும் பார்க்கேலாதோ?"

நான் எழும்பிப் பெயர்ப் புத்தகத்தை எடுத்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். மீனாம்பிகை, தகப்பன் பெயர் சோமசேகரம், அதே ஊர். அதற்குக் கீழே இன்னொரு மீனாம்பிகை, தகப்பன் பெயர் சோமசேகரம், அதே ஊர். இரண்டு இலக்கம். இதே பெயரில் ஊரில் இன்னொருத்தி உண்டோ என்று அவளைக் கேட்டபிறகுதான் எனக்கு விளங்கியது. தகப்பன்மார் இரண்டுபேரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. இருவருக்கும் தகப்பனைப் பெற்ற பேரனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இருவரும் மூத்த பெண்ணுக்குப் பூட்டியின் பெயரை வைத்துவிட்டார்கள். ஊரில் பெரிய மீனா, சின்ன மீனா என்றுதான் கூப்பிடுவார்களாம். பெரியவள் ஒரு வாத்தியாரைக் கட்டியவளாம், இவள் சின்னவள். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பெரிசு சின்னன் எழுதுகிற வழக்கம் இல்லை.

இரண்டு பைலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். இரண்டாவது பைலில் தூசி ஒரு விரற்கடை இருந்தது. எழுபத்திரண்டாம் ஆண்டு, வயது பதினைந்து, குடல்வால் ஒப்பரேசன். வேறொன்றும் இல்லை. எனக்குக் குற்ற உணர்வு ஒருபக்கம், சந்தோசம் ஒருபக்கம். வாயை அடக்க முடியவில்லை.

"பிள்ளை, அது உம்மடை பைல் இல்லை. அது மற்ற மீனா. வாத்தியாரைக் கலியாணம் கட்டின பெரிய மீனா. சயம் வந்தது அவவுக்கு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தன்மேல் விழுந்த பழி போய்விட்டது என்று சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, இப்ப நீங்கள் ரண்டாந்தரமும் சொல்லிப்போட்டியள்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைப் பெற்றவர் அடித்திருக்கிறார், வாத்தியார் அடித்திருக்கிறார். அதெல்லாம் ஒரு அடியே இல்லை.

பிறகு அவள் கதிரையில் உட்கார்ந்து, தன் பைலைத் தன் பக்கம் இழுத்தாள். மற்ற பைல் அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. அதன் பக்கம் அவள் கண் போகவில்லை. கையை நீட்டி, பார்க்காமலே அதன் மட்டையை மூடிவிட்டாள்.

தன் பைலை அவள் ஆறுதலாக வாசித்தாள். இங்கிலீசில் எழுதியிருந்த சில இடங்களை நான் தமிழில் சொன்னேன். நிறை எண்பத்தொரு றாத்தல். இரத்தம் கொஞ்சம் குறைவு. ஒப்பரேசனுக்கு முதல்நாள் பார்த்த டொக்டர், பிள்ளை நல்லாய்ப் பயந்திருக்கிறாள், ஆனால் அழவில்லை என்று ஓரத்தில் எழுதிவைத்திருந்தார். அதைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். பதின்மூன்று வருடமாக இது இங்கே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் உடனே வழி சொன்னேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்தப் பைலை நானே கொண்டுபோய்ப் பஞ்சலிங்கத்தாரின் முகத்துக்கு முன்னால் விரிக்கிறேன், பிழை என்னுடையது என்று காலில் விழுகிறேன். இல்லையென்றால் பைலை உம்மிடமே தருகிறேன், சட்டமாவது மண்ணாவது, கொண்டுபோய்க் காட்டும் என்றேன். அவள் பைலின்மேல் கையை வைத்தபடி கனநேரம் இருந்தாள். அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவாள் என்றுதான் எண்ணினேன். நான் என்றால் எடுத்திருப்பேன். நீங்களும் எடுத்திருப்பீர்கள்.

"இதைக் காட்டினால் அதையும் காட்டினமாதிரி அண்ணை. எங்கடை ஊரிலை இந்தப் பேரிலை ரண்டு பேர்தான். நான் இல்லையெண்டால் ஆர் எண்டு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் செல்லும்? அக்கா மாமியார் வீட்டிலை இருக்கிறா. மூண்டு பிள்ளையள்."

வாத்தியாருக்கு இது தெரிந்திருக்காதோ என்று கேட்டேன். தெரியாது என்றுதான் நினைக்கிறேன், எங்களுக்கே தெரியாதே என்றாள். ஒன்றரை வருடம் பெரிய மீனா கண்டியில் மாமன் வீட்டில் நின்று படிக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்களாம்.

"அது அவவின்ரை வருத்தம். சொல்லுறதெண்டால் அவதான் சொல்லவேணும். நீங்களும் சொல்லேலாது, நானும் சொல்லேலாது."

"அப்ப உம்மடை கலியாணம், பிள்ளை?"

அவள் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தாள். அந்தக் கலியாணம் தனக்கு விருப்பம் என்று ஒளிக்காமல் சொன்னாள். பேச்சு தொடங்கிய பிறகு சண்முகநாதன் கொடிகாமத்திலிருந்து அவ்வளவு தூரம் சைக்கிளில் மூன்று தரம் அவளுடைய கந்தோருக்கு வந்திருக்கிறான். வெளிநாட்டில் ஒருவருமே இல்லாத மனிதன் மூன்று தரமும் வெளிநாட்டுக்குப் போடுகிற நீலக் கடிதம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். மூன்றாவது தரம் முத்திரை ஒட்ட வேண்டுமோ என்று கேட்டானாம். அதில் முத்திரை அச்சடித்தே வரும் என்று அவள் சொல்ல, அவன் காது சிவந்துபோனதாம். இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். இந்த வேலையில் சேரும்போது நீங்கள் சத்தியம் ஒன்றும் பண்ணவில்லையோ என்றாள். இல்லை, சாவிக்கொத்தைத் தந்து இருத்தினார்கள் என்றேன். தபாற்கந்தோரில் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வாங்கித்தான் எடுப்பார்களாம்.

"தந்தி வந்தால் நான்தான் எழுதுறனான். அந்த வீட்டுக்குச் சாவு எண்டு அவைக்கு முன்னம் எனக்குத் தெரியும். ஆற்றை பொடியன் எங்கை போனான் எண்டும் தெரியும். இண்டைவரைக்கும் என்ரை அம்மாவுக்கும் ஒண்டு சொன்னதில்லை."

இனி ஒருவருக்கும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அந்த இடத்திலேயே அவளுக்குச் சத்தியம் பண்ணினேன். அவள் இரண்டு பைலையும் அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு, வாறன் அண்ணை என்று எழும்பிப் போனாள். சைக்கிள் ஒழுங்கையால் திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் நாளுக்கொரு வெடிச்சத்தம், நாளுக்கொரு செய்தி. துணிந்தவர்கள் என்று பலபேருடைய பெயரைச் சொல்லுவார்கள். நான் என் கண்ணால் கண்டது இவளைத்தான்.

சத்தியத்துக்குச் சோதனை வர ஒரு கிழமைகூடச் செல்லவில்லை. சண்முகநாதனே வந்தான். கண் இரண்டும் நித்திரை இல்லாமல் சிவந்திருந்தது. அவளைக் கந்தோரில் சந்தித்துக் கேட்டானாம். எனக்கு அந்த வருத்தம் வந்ததில்லை, என் வயதும் சரி, சாதகமும் சரி, என் சொல்லை நம்பினால் நம்புங்கள், கடதாசி கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டாளாம். அப்படியென்றால் பைலில் இருப்பது யார் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லையாம். அவனுக்கு அவளை நம்ப ஆசை. தாயும் மாமனும் விடவில்லை. ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் போதும் என்று என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

ஒரு வார்த்தை. என் நாக்கின் நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் ஆவணியில் அவளுக்குக் கலியாணம்.

என்னால் சொல்ல ஏலாது தம்பி என்றேன்.

"அப்ப முதல் எப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அப்ப நான் சொன்னது பெரிய பிழை. அந்தப் பிள்ளை என்ன சொல்லுதோ, அதைக் கேளுங்கோ."

அதற்குமேல் போனால் மற்றவளின் வாசலில் போய் நிற்கும் என்று நிறுத்திக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பஞ்சலிங்கத்தாரிடமும் போய், நான் சொன்னதை நம்பவேண்டாம், நான் பொய்யன் என்று சொல்லிப் பார்த்தேன். பெண் பகுதி வந்து உன்னைப் பிடித்துவிட்டது என்றார் அவர். ஆவணியில் சண்முகநாதனுக்கு வேறிடத்தில் கலியாண எழுத்து நடந்தது. என் மனைவி போனாள், நான் போகவில்லை.

ஆனால் கதை அதோடு நின்றுவிடவில்லை. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குப் போனது. சின்ன மீனாவுக்கு நெஞ்சு வருத்தமாம், ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்களாம். தபாற்கந்தோரில் முத்திரைகளை அவளே நனைத்து ஒட்டித் தருவாள். இப்போது சிலர், நாங்கள் ஒட்டுகிறோம் என்று கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார்களாம். இதை எனக்குச் சொன்னவன் பகிடியாகத்தான் சொன்னான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை. புதன்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. விறாந்தை வாங்குகளில் தாய்மார் நிறைந்திருந்தார்கள். நான் குழந்தைகளின் பைல்களை இரண்டு கையிலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். வாங்கின் ஒரு நுனியில் சின்ன மீனா இருந்தாள். தகப்பனைப் பிறசர் பார்க்கக் கூட்டிவந்தவள், அவர் உள்ளே போயிருந்தார். மறுநுனிக்குப் பெரிய மீனா வந்து உட்கார்ந்தாள். மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் மூன்று வயது மகள். குழந்தையின் பைலில் தாயின் பெயரைக் கண்டு ஆளைத் தெரிந்துகொண்டேன். பைலில் மட்டும் தெரிந்த ஒருத்தியை அன்றைக்குத்தான் முகத்தோடு பார்க்கிறேன். நல்ல உடம்பு, நல்ல நிறம், நெற்றியில் பெரிய குங்குமம். டொக்டர் எழுதியது சரிதான், முற்றாகச் சுகம்.

அந்தச் சிறுமி சின்ன மீனாவைக் கண்டதும், சித்தி என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவள் மடியில் ஏறினாள். அடிக்கடி ஏறிப் பழகிய மடி என்று பார்க்கவே தெரிந்தது. பெரிய மீனா எழும்பி வந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள். பிள்ளை சிணுங்கியது.

"குறை நினையாதை. சின்னப் பிள்ளையள் எல்லே. உன்ரை மூச்சுக் காத்து படக்கூடாதெண்டு அவர் சொன்னவர்."

வாங்கில் இருந்த தாய்மார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இருவர் சற்றுத் தள்ளி அரக்கி இருந்தார்கள். எனக்குத் தலைக்குள் ஏதோ கொதித்தது. எடியே, உன்ரை பைல் என்ரை அலுமாரியிலை இருக்கு என்று சொல்லுவதற்கு வாயைத் திறந்தே விட்டேன். கால் ஒரு அடி வைத்தும் விட்டது.

சின்ன மீனா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. நல்லாய்த் தெரிந்த ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் வாயை மூடினேன்.

பிள்ளையை இழுத்துப் பிடித்தபடி பெரிய மீனா என் கையிலிருந்த பைல்களையே பார்த்துக்கொண்டு நின்றதை அப்போதுதான் கண்டேன். ஆஸ்பத்திரிப் பைல் என்ற சொல் ஊரில் உலாவத் தொடங்கிய நாளிலிருந்து அவள் என்ன பாடுபட்டிருப்பாளோ. அந்தப் பைல் தன்னுடையதாக இருக்கலாம் என்று சந்தேகித்திருப்பாளோ என்று நான் கனநாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

சின்ன மீனா எழும்பினாள். சிறுமியின் கன்னத்தைத் தொடப்போன கையை இடையில் நிறுத்தி, தன் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"ஓம் அக்கா, பிள்ளையளை வடிவாய்ப் பாருங்கோ. நான் உங்காலை காத்துப் பக்கமாய் நிக்கிறன்."

சொல்லிவிட்டுப் போய் வேம்புக்குக் கீழே தனியே நின்றாள். உள்ளேயிருந்து அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். தகப்பன் வரும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தாய்மார் தங்கள் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நான் சாமி அறையிலும் கடமைக்குக் கும்பிடுகிற ஆள். அன்றைக்கு அந்த வேம்பின் பக்கம் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கும்பிட்டிருப்பேன். இரண்டு கையிலும் பைல்கள் இருந்தன.